போன்தான் படித்துக் காட்டுகிறதே, பிரெய்ல் எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் மகனோடு வீட்டுக்கு வந்திருந்தார். பையன் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்க ஒரு கருவி செய்வதுதான் அவனுடைய புராஜெக்ட். எனக்கு ஒரே சந்தோஷம். அப்பாவுக்குத்தான் மனசில்லை. "இப்பத்தான் போனே எல்லாத்தையும் படிச்சுக் காட்டுதே ஐயா, இவன் எதுக்கு இதைக் கட்டிக்கிட்டு அழறான்?" என்றார்.

அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் என் தவறிலிருந்து தொடங்குகிறேன்.

பல வருஷங்களுக்கு முன் என் ஒன்பதாம் வகுப்பில் பார்வையில்லாத மாணவன் ஒருவன் இருந்தான். கெட்டிக்காரன். செய்யுள், இலக்கணம் எல்லாவற்றையும் கேசட்டில் பேசிப் பதிவு செய்து கொடுத்தேன். கேட்டே மனப்பாடம் செய்தான். பரீட்சையில் அவன் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். நல்ல மார்க். நான் என்னவோ சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பிற்பாடு ஒருநாள் அவரே டைப் செய்து எனக்கு ஒரு செய்தி அனுப்பினார்: "ஐயா, எனக்குப் பனி கிடைத்துவிட்டது." சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது. பணிக்கு எந்த எழுத்து என்று அவருக்கு யார் காட்டினார்கள்? நம் பேச்சில் ண, ன இரண்டும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகின்றன. ர, ற கதையும் அதேதான். எழுத்தையே காட்டாமல் தமிழ் சொல்லிக்கொடுத்த தமிழாசிரியர் நான்! பிரெய்லில் ந, ன, ண மூன்றுக்கும் தனித்தனிப் புள்ளிகள். விரல் தொட்டதும் தெரிந்துவிடும். போன் எவ்வளவு அழகாகப் படித்தாலும் இது காதுக்கு எட்டாது.

இது புதிய வழக்கு அல்ல. பிரான்சில் ராணுவ அதிகாரியாக இருந்த சார்ல் பார்பியே 12 புள்ளி முறை ஒன்றை உருவாக்கினார். அது ஒலியைக் குறித்ததே தவிர, எழுத்துக்கூட்டலைக் குறிக்கவில்லை. உயரமும் அதிகம், ஒரு விரல் நுனிக்குள் அடங்காது. பார்வையற்ற மாணவர் லூயி பிரெய்ல் 1824-ல், 15 வயதில், அதை 6 புள்ளியாகச் சுருக்கினார். ஒரே தொடுதலில் ஒரு எழுத்து. ஆனாலும் பார்வையுள்ள ஆசிரியர்கள் தங்கள் கண்ணுக்குப் பழகிய புடைப்பெழுத்தையே விரும்பினார்கள். அவர் படித்த பாரிஸ் பள்ளி அவருடைய முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854-ல். அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

இதில்தான் பாடம் இருக்கிறது. தடவிப் படிக்கும் கருவியைச் செய்கிறவர் தன் கண்ணை நம்பக்கூடாது. படிக்கிறவரின் விரலைக் கேட்க வேண்டும்.

இன்றைய கருவிகளில் சின்னச் சின்ன ஊசிகள் மேலெழும்பி எழுத்தாகின்றன. பலவற்றில் ஊசியைத் தூக்குவது மின்சாரம் பட்டால் வளையும் ஒருவகைப் பீங்கான் பட்டை. ஒரு எழுத்துக் கட்டத்துக்கு 8 ஊசி. கட்டம் கூடக்கூட விலையும் ஏறும். அதனால் சிறிய கருவிகள் பலவற்றில் ஒரே வரி, அதில் 20 கட்டம்தான்.

பையனிடம் ஒரு பேப்பரைக் கொடுத்து, "பள்ளிக்கூடத்திலிருந்து" என்ற சொல்லைத் தமிழ் பிரெய்லில் எழுதச் சொன்னேன். புள்ளி வைத்த எழுத்துக்கு இரண்டு கட்டம், உயிர்மெய்க்கும் அகரம் தவிர இரண்டு கட்டம். எண்ணிப் பார்த்தான்: 22! ஒரே சொல்லே வரிக்குள் அடங்கவில்லை. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆங்கிலத்துக்குப் போதுகிற அளவு தமிழுக்குப் போதாது. அப்படியானால் சொல்லை எங்கே பிரிப்பது? வெண்பாவின் நாலடியை ஒரு வரிக் கருவியில் எப்படி உணர்த்துவது? வியர்வையும் தூசியும் பட்டு ஒரு ஊசி மாட்டிக்கொண்டால் எழுத்தே மாறிவிடுமே, அதை நம் ஊரில் யார் சரிசெய்வார்கள்? இதற்கெல்லாம் பதில் தேடுவதுதான் வடிவமைப்பு. பளபளப்பான பெட்டி செய்வது அப்புறம்.

போனை நான் குறை சொல்லவில்லை. செய்தி கேட்க, கடிதம் கேட்க அது பெரிய வரம். நாமும் ரேடியோ கேட்டுத்தான் வளர்ந்தோம். அதற்காக யாராவது நம் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதப் பழக்காமல் விட்டோமா? கண் தெரிந்த பிள்ளைக்கு ஒரு நியாயம், தெரியாத பிள்ளைக்கு இன்னொரு நியாயமா?

இரண்டு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பார்வையில்லாத குழந்தை இருந்தால், போனோடு சேர்த்துப் பிரெய்லும் கற்றுத்தரச் சொல்லிப் பள்ளியில் கேளுங்கள். கருவி செய்கிற பிள்ளைகளே, சர்க்யூட் வரைவதற்கு முன்னால் பிரெய்ல் படிக்கிறவர் ஒருவர் பக்கத்தில் ஒரு வாரமாவது உட்காருங்கள்.

பையனுக்கு அந்தப் 'பனி' மாணவரின் நம்பரைக் கொடுத்தேன். வேலையில் சேர்ந்த பிறகு அவர் பிரெய்ல் கற்றுக்கொண்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் சந்திக்கிறார்கள். நானும் போகிறேன், இந்த முறை மாணவனாக.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா