ஏடும் கருவியும்

2018 ஆம் ஆண்டு மார்கழி மாத வெள்ளத்தை வன்னி மக்கள் மறந்திலர். இரணைமடுக் குளம் நிறைந்து வான்கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்நிலத்து ஊர்கள் பல நீருள் ஆழ்ந்தன. குளத்தை நம்பி வாழும் நாட்டில் நீரின் அளவு வெறும் எண்ணன்று. உயிரும் விளைவும் அதனைப் பற்றியே நிற்பன.

இன்று மழைமானியையும் நீர்மட்டம் அளக்கும் கருவியையும் மாணவரே அமைக்க வல்லர். அக்கருவிகள் யூ.எஸ்.பி. வடத்தின் வழியே தம் அளவுகளைக் கணினிக்கு எழுத்தெழுத்தாக அனுப்புகின்றன. அவற்றை வாங்கித் திரையிற் காட்டும் மென்பொருளை ஆயத்தமாகப் பெற்றாற் போதும் என்பர் சிலர். யாம் உடன்படோம். அதனை நம் மாணவர் தாமே எழுதிப் பழகல் வேண்டும் என்பதே எம் கருத்து. தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என வினவுவார்க்கும் விடை உண்டு.

பழைய ஓலைச்சுவடிகளிற் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. சொற்களிடையே இடைவெளியும் இல்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள், சொல் எங்கே முடிகின்றது எனத் துணிந்த பின்னரே நூல்களை அச்சேற்றினர். கருவி அனுப்பும் தரவும் அத்தகையதே. ‘124.6’ என்று கருவி அனுப்ப, கணினி முதன்முறை நோக்குங்கால் ‘12’ மட்டுமே வந்திருத்தல் கூடும், எஞ்சிய ‘4.6’ மறுமுறை வரும். முன்னதை முழு அளவெனக் கொண்டால் 124 சதமமீற்றர் நீர் 12 ஆகிவிடும்! ஆதலின், வந்த எழுத்துக்களைச் சேர்த்துவைத்து, வரிமுடிவுக் குறியைக் கண்ட பின்னரே அளவைத் துணிதல் வேண்டும். இருபாலும் வேகம் ஒத்திருத்தலும் வேண்டும். கருவி விநாடிக்கு 9600 பிட் வீதம் அனுப்ப, கணினி வேறு வேகத்திற் படிக்குமாயின் பொருளற்ற குறிகளே தோன்றும்.

சென்ற மாரியில் எம் மாணவர் அமைத்த மழைமானியின் வடம் இரவிற் கழன்றுவிட்டது. மாலையிற் கண்ட எண்ணே விடியலிலும் திரையில் நின்றது. முற்றத்து வாளியோ நிரம்பி வழிந்தது. அன்று மாணவர் இரண்டு திருத்தங்கள் செய்தனர்: ஒவ்வோர் அளவுக்கும் நேரம் பொறித்தனர், வரவு நின்றால் ‘அளவு வரவில்லை’ எனத் தமிழிலே திரை அறிவிக்கச் செய்தனர். ஆயத்தமாக வாங்கியிருந்தால் இப்பாடம் கிட்டியிராது. ஆக்கும் முறை அறிந்தவனே எப்பொழுது ஐயுறல் வேண்டும் என்பதையும் அறிவான்.

மாணவர் கருவி அரசினர் அளவைக்கும் எச்சரிக்கைக்கும் ஈடாகாது. எனினும், அவ்வளவைகளை நாளை காக்கப்போகின்றவர் இன்று நம் வகுப்புகளில் இருக்கின்றனர். கிளிநொச்சி அறிவியல் நகரிற் பொறியியற் பீடம் உண்டு. 2021 இல் வவுனியாவுக்குத் தனிப் பல்கலைக்கழகமும் வாய்த்தது. அங்குச் செல்வோர் இங்கேயே கைப்பழக்கம் பெறுதல் நன்று.

பழைய மாணவர்களே! யூபிலி நினைவாக வளைவும் பெயர்ப்பலகையும் அமைக்க விழைகின்றீர்கள். அவை பின்னர் ஆகுக. ஒரு மழைமானி, நீங்கள் கழித்த ஒரு கணினி, மாதத்தில் ஒரு சனிக்கிழமை: இவற்றை முதலில் நம் கல்லூரிக்கு ஈந்து உதவுவீர்களாக.