சாப்பாட்டுக்கு ஒரு சாட்சி

இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி! இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அந்த வியாதியின் வாசற்படியில் நிற்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு, 2023-ம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு இது.

"பணக்கார வியாதி, பட்டணத்து வியாதி" என்று இதைச் சொன்ன காலம் மலை ஏறிவிட்டது. வேடசந்தூர் வட்டாரத்தைப் பாருங்கள். சோளமும் கம்பும் விளைந்த மானாவாரி பூமி. கூழைக் குடித்துவிட்டு வெயிலில் உழைத்த ஜனங்கள். இன்று சுற்றிலும் நூற்பாலைகள். இரவும் பகலும் ஷிப்டு வேலை. நேரம் தவறிய சாப்பாடு. காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி மறுபடியும் சோறு அல்லது பரோட்டா. சாப்பாடு மாறியது. உழைப்பும் மாறியது. வியாதி வீடு தேடி வந்துவிட்டது.

வெறும் வயிறு சொல்லாத ரகசியம்

சர்க்கரை வியாதிக்காரர்களில் பலர் என்ன செய்கிறார்கள்? மாதம் ஒரு முறை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கிறார்கள். பரிசோதனைக்கு முதல் நாள் ராத்திரி அரை வயிறு சாப்பாடு. காலையில் சர்க்கரை குறைவாகத் தெரிகிறது. மனம் குளிர்கிறது. திரும்பும் வழியிலேயே ஓட்டலில் நாலு பரோட்டா!

அதன் பிறகு ரத்தத்தில் என்ன நடந்தது? யாருக்கும் தெரியாது. சர்க்கரை மளமளவென்று ஏறும். வலிக்காது. சத்தம் போடாது. வருஷக் கணக்கில் இப்படி ஏறி இறங்கினால் கண் கெடும், சிறுநீரகம் கெடும், கால் மரத்துப் போகும். சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் நடப்பதைப் பார்த்துச் சொல்ல ஒரு சாட்சி வேண்டாமா?

கையில் ஒட்டும் வில்லை

அந்தச் சாட்சி வந்துவிட்டது. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய ஒரு வில்லை. அதை மேல் கையின் பின்பக்கம் ஒட்டிக் கொள்கிறார்கள். அதிலுள்ள முடி போன்ற இழை தோலுக்கு அடியில் இருக்கும். அங்கே ஊறும் நீரில் எவ்வளவு சர்க்கரை என்று சில நிமிஷத்துக்கு ஒரு முறை பார்க்கும். செல்போனில் கோடு போட்டுக் காட்டும். இரண்டு வாரம் வரை வேலை செய்யும்.

எப்படிப் பார்க்கிறது? இழையில் ஒரு நொதிப்பொருள் பூசப்பட்டிருக்கிறது. அது சர்க்கரையோடு சேரும்போது மிகச் சிறிய மின்சாரம் உண்டாகும். சர்க்கரை கூடினால் மின்சாரமும் கூடும். அவ்வளவுதான்! இந்த யோசனைக்கு 1962-ல் வித்திட்டவர் லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி.

சென்னையில் ஒரு சோதனை

சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் பவுண்டேஷன், இப்படிப்பட்ட கருவியை வைத்து ஒரு சோதனை நடத்தியது. உடல் பருமன் உள்ள, சர்க்கரை வியாதி இல்லாத 15 பேர் கலந்துகொண்டார்கள். சில நாள் வெள்ளை அரிசிச் சோறு. சில நாள் தவிடு நீக்காத அரிசிச் சோறு. சில நாள் அந்தச் சோற்றோடு பயறும் பருப்பும். முடிவு 2014-ல் வெளிவந்தது. வெள்ளைச் சோற்றைவிடத் தவிட்டரிசிச் சோற்றில் சர்க்கரை ஏற்றம் சுமார் 20 சதவீதம் குறைவு! பயறும் சேர்ந்தபோது சுமார் 23 சதவீதம் குறைவு!

இஸ்ரேல் நாட்டில் 800 பேருக்குக் கருவியை மாட்டி, சுமார் 47 ஆயிரம் சாப்பாடுகளைக் கணக்கெடுத்தார்கள். 2015-ல் வெளியான முடிவு ஆச்சரியமானது. ஒரே பண்டம் ஒருவருக்குச் சர்க்கரையை அதிகமாக ஏற்றுகிறது. இன்னொருவருக்கு அப்படி ஏற்றுவதில்லை. ஆகவே, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்டது நமக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நம்பிவிடக் கூடாது.

ஏழை என்ன செய்வது?

ஒரு வில்லையின் விலை சில ஆயிரம் ரூபாய். இரண்டே வாரத்தில் தூக்கி எறிய வேண்டியதுதான். மில் தொழிலாளியால் மாதா மாதம் வாங்க முடியுமா? முடியாது. ஆனால், அது கற்றுக் கொடுக்கும் பாடத்துக்குக் காசு வேண்டியதில்லை.

விரலில் குத்திப் பார்க்கும் சாதாரணக் கருவி போதும். சாப்பிடும் முன் ஒரு முறை பாருங்கள். முதல் கவளம் வாயில் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து மறுமுறை பாருங்கள். இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். மறுநாள் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, ஒரு கரண்டி தட்டைப்பயறு சேர்க்கலாம். அல்லது முருங்கைக்கீரைப் பொரியலை முதலில் சாப்பிட்டு, சோற்றைப் பிறகு சாப்பிடலாம். அல்லது சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடக்கலாம். கணக்கு இறங்குகிறதா? அதுதான் உங்களுக்கு ஏற்ற வழி. பெரும்பாலான சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் 180-க்குள் இருப்பது நல்லது. உங்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏமாறாதீர்கள்!

"குத்த வேண்டாம், கைக்கடிகாரம் கட்டினாலே போதும், மோதிரம் போட்டாலே போதும், சர்க்கரை தெரியும்" என்று விளம்பரம் செய்கிறார்கள். தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று, அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தவறான கணக்கை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து.

நல்ல கருவி மாட்டியவர்களும் கவனமாக இருக்க வேண்டும். அது ரத்தத்தை நேராகப் பார்ப்பதில்லை. சில நிமிஷம் பின்தங்கியே சொல்லும். வியர்த்து, கை நடுங்கினால் விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள். கோடு இறங்கிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். கோட்டுக்குப் பயந்து பட்டினியும் கிடக்காதீர்கள்.

அரசின் கடமை

"மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கியது. வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுக்கும் திட்டம் அது. நல்ல காரியம். அடுத்த படியும் ஏற வேண்டும். வேடசந்தூர் போன்ற ஊர்களின் அரசு ஆஸ்பத்திரிகளில் இந்த வில்லைகளை வைக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சர்க்கரை கண்ட கர்ப்பிணிகளுக்கும், டாக்டர் சொல்கிறபடி, இரண்டு வாரத்துக்காவது இலவசமாக ஒட்டிவிட வேண்டும். அந்தக் கோட்டை நோயாளிக்கு மட்டும் காட்டினால் போதாது. வீட்டில் சமைக்கிறவருக்கும் காட்டி விளக்க வேண்டும். மில் முதலாளிகளும் கேன்டீன் தட்டில் ஒரு கரண்டி சுண்டலும் ஒரு பிடி கீரையும் சேர்க்கலாம். அதனால் நஷ்டம் வந்துவிடாது.

மாத்திரை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறது. சாப்பாடு அடுப்படியிலிருந்து வருகிறது. இரண்டும் கைகோத்தால்தான் சர்க்கரை அடங்கும். இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகே ஒரு நோட்டை எடுங்கள். கணக்கை எழுதத் தொடங்குங்கள்!