ஆசிரியர் உரை: காத்திருக்கத் தெரிந்த மொழி

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸுக்கு ஆசனப்பதிவுத் தளம் ஒன்றைச் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நீண்ட விடுமுறைக்கு முந்திய நாள். எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைகிறார்கள். வழமையான பிஎச்பி அமைப்பில் ஒரு கோரிக்கைக்கு ஒரு வேர்க்கர். கட்டணத்துக்கு வங்கியின் பதில் வரும்வரை அது சும்மா நிற்கும். எல்லா வேர்க்கர்களும் அப்படி நின்றுவிட்டால், அடுத்து வருபவருக்குப் பழைய கல்லடிப் பாலத்தில் எதிர்ப்பக்க வாகனங்கள் கடக்கும்வரை நின்ற கதிதான். சிபியூ ஓய்ந்திருக்க, தளம் படுத்துவிடும்.

இப்படி ஒரே நேரத்தில் குவியும் வேலைகளைச் சமாளிக்கவே எரிக்சன் நிறுவனத்தில் எர்லாங் மொழி பிறந்தது. கூகுள் 2009இல் கோ மொழியை வெளியிட்டது. நம் நாட்டில் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் உருவாக்கிய பாலரீனா மொழி இருக்கிறது. 2019இல் அதன் 1.0 பதிப்பும், 2022இல் சுவான் லேக் பதிப்பும் வந்தன. ஜேவிஎம் மீது ஓடுவதால் ஜாவா படித்தவர்களுக்குப் புதுக்காடாக இராது. அதில் வலையமைப்புப் பதிலுக்குக் காத்திருக்கும் 'ஸ்ட்ராண்ட்' என்ற இலகு இழை, த்ரெட்டைப் பிடித்துவைக்காது.

அதைவிடப் பெரிய லாபம் கம்பைலரின் கண்டிப்பு. மீதி ஆசனங்களை ஒரு மாறியில் வைத்திருக்கிறீர்கள். இரு கோரிக்கைகள் ஒரே கணத்தில் 'ஒன்று மீதி' என்று வாசித்தால் ஒரே ஆசனம் இருவருக்குப் போகும். பாலரீனாவில் சேர்விஸும் அதன் மெதட்டும் 'ஐசோலேட்டட்' ஆக, அதாவது பகிர்ந்த மாறியைப் பாதுகாப்பாக மட்டுமே தொடுபவையாக, இருந்தால்தான் கோரிக்கைகள் சமகாலத்தில் ஓடும்; இல்லையேல் ஒவ்வொன்றாகத்தான். இதில் ஒரு பொறியும் உண்டு: அந்த மாறியைத் தொடும் இடத்தில் 'லொக்' போட மறந்தால் பிழைச்செய்தி வராமலே சேர்விஸ் மந்தமாகிவிடலாம். ஆகவே 'ஐசோலேட்டட்' என்று நீங்களே எழுதிவிடுங்கள். பிறகு தவறு எங்கே என்று கம்பைலரே சொல்லும்.

அந்த லொக் ஒரு புரோசஸுக்குள் மட்டுமே செல்லும். சேர்விஸை இரண்டு சேர்வர்களில் ஓடவிட்டால் ஆசனத்தைக் காக்க வேண்டியது தரவுத்தளத்தின் டிரான்ஸாக்‌ஷன்தான். மந்தம் குவெரியிலேயே இருந்தால் எந்த மொழியும் உதவாது. முதலில் இன்டெக்ஸைப் பாருங்கள்.

எனவே ஓடிக்கொண்டிருக்கும் பிஎச்பி லாரவெல் தளத்தைக் கலைத்து எழுதச் சொல்லமாட்டோம். கட்டணம், எஸ்எம்எஸ் போன்று வெளியார் பதிலுக்குக் காத்திருக்கும் பகுதியை மட்டும் பிரித்து பாலரீனாவில் எழுதுங்கள். சுமையேற்றி, முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். அடுத்த பகுதியை மாற்றுவதா என்பதை அந்த அளவீட்டை வைத்தே முடிவுசெய்யுங்கள்.