மூடிய ஆலையும் ஆறாத மண்ணும்

காரிமங்கலத்தில் நான் பாடம் நடத்திய காலத்தில், மாணவி ஒருத்தி தன் தந்தை நிலத்தை உழுதபோது கிடைத்ததென்று கருங்கட்டி ஒன்றை வகுப்பிற்குக் கொண்டுவந்தாள். நுரைத்து உறைந்தாற்போன்ற அக்கட்டி, இரும்பை உருக்கியபின் எஞ்சும் சிட்டம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாடு கி.மு. 2172 அளவிற்குப் பழமையானது எனக் காலக்கணிப்பு காட்டுகிறது. இப்பகுதியில் சிட்டம் கிடைப்பது வியப்பன்று. அந்நிலத்தில் இன்றும் கேழ்வரகு விளைகிறது. இரும்பு மண்ணில் இயல்பாகவே மிகுந்துள்ள தனிமம், அதனால் தீங்கில்லை. ஆயினும் அக்கட்டி ஓர் உண்மையை உணர்த்தியது: உலோகம் மக்குவதில்லை.

எண்ணெயைக்கூட நுண்ணுயிர்கள் நாளடைவில் சிதைத்துவிடும். ஈயமும் ஆர்சனிக்கும் அவ்வாறல்ல. தாமிரத் தாதுவோடு அவையும் கலந்தே வருகின்றன. ஒரு டன் தாமிரம் பிரித்தால் ஏறத்தாழ இரண்டு டன் கசடு எஞ்சும். தூத்துக்குடி ஸ்டெர்லைட் உருக்காலையின் கசடு, உப்பாற்றை ஒட்டிய தனியார் நிலம் உட்பட 11 இடங்களில் கொட்டப்பட்டு அகற்றப்படாமற் கிடந்தது, ஆலை மூடப்பட்டதற்கான காரணங்களுள் ஒன்று. 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தபின், மே 28 அன்று ஆலையை நிலையாக மூட அரசு ஆணையிட்டது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அத்துடன் சிக்கல் முடிந்ததென்று பலர் கருதினர். எனக்கு அதில் உடன்பாடில்லை. புகைபோக்கியை நிறுத்த ஓர் ஆணை போதும். மண்ணைச் சீராக்கப் பல்லாண்டு உழைப்பு வேண்டும்.

‘மண்ணைத் தூய்மை செய்தல்’ என்னும் தொடரே சற்று ஏமாற்றக்கூடியது. நஞ்சேறிய மண்ணை அகழ்ந்து வேறிடத்தில் புதைப்பது இடமாற்றமே. பாஸ்பேட் கலந்தால் ஈயம் கரையாமல் கட்டுண்டு நிற்கும். ஆனால் அதே பாஸ்பேட் ஆர்சனிக்கை விடுவித்துவிடக்கூடும். வெட்டிவேர் நடலாமே என்று மாணவர்கள் ஆர்வத்துடன் கேட்பதுண்டு. மண் அரிப்பைத் தடுக்க அது நன்று. உலோகத்தை உறிஞ்சிய வேரைப் பிறகு எங்கே போடுவது?

எவ்வளவு தூய்மை போதும் என்பதும் எளிய வினா அன்று. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் பாதரசக் கழிவு, ஏறத்தாழ 290 டன், 2003-இல் அமெரிக்காவிற்கே திருப்பி அனுப்பப்பட்டது. மண் இங்கேயே தங்கியது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்னும் வரம்பை எதிர்த்துச் சூழலியலாளர்கள் வாதிட்டனர். அவ்வரம்பைப் பொறியாளர் மட்டும் வகுத்தல் கூடாது. சரிவின் கீழே நீர் அருந்துவோரும் அவையில் அமர வேண்டும் என்பேன்.

ஆலை தொடங்கும் நாளிலேயே மண்ணைச் சீராக்கும் தொகையை முன்வைப்பாகப் பெற வேண்டும். அவ்வாறு செய்தால் முதலீடு வாராது என்பர். தொகையைப் பெறாவிடினும் செலவு மறைந்துவிடுவதில்லை. சாம்பியா நாட்டின் காப்வே நகரில் ஈயச் சுரங்கமும் உருக்காலையும் 1994-இல் மூடப்பட்டன. அவை மூடப்பட்ட பின்னர்ப் பிறந்து, அத்தெருப் புழுதியில் விளையாடும் குழந்தைகளின் குருதியிலும் ஈயம் இருக்கிறது.