மைக்கில் மாட்டிய ரெஃப்ரி... அவருக்கு மார்க் போடுறது யார்?

ரெஃப்ரியைத் திட்டாம நீங்க ஒரு மேட்ச்சாவது முழுசா பார்த்திருக்கீங்களா? சரி, நீங்க திட்டுற அந்த ஆளுக்கு யார் மார்க் போடுறாங்கனு யோசிச்சிருக்கீங்களா?

வட அமெரிக்காவின் என்.ஹெச்.எல் ஐஸ் ஹாக்கி லீக்கையே எடுத்துக்குவோம். (நம்ம ஊர் புல்தரை ஹாக்கி இல்ல மக்களே, இது பனித்தரை!) ஒரு மேட்ச்சுக்கு ரெண்டு ரெஃப்ரி, ரெண்டு லைன்ஸ்மேன். ஸ்கேட்டிங் பண்ணிக்கிட்டே, கண்ணிமைக்கிற நேரத்துல முடிவு சொல்லணும். பெனால்டி கொடுத்தா அந்த வீரர் 2 நிமிஷம் வெளியே உட்காரணும். ஐந்து பேருக்கு எதிரா நாலு பேர். மேட்ச்சே மாறிடலாம்.

2021 மார்ச் 23. நாஷ்வில் - டெட்ராய்ட் மேட்ச். ரெஃப்ரி டிம் பீல், நாஷ்வில் வீரருக்கு ஒரு பெனால்டி கொடுத்தார். மைக் ஆன்ல இருந்தது அவருக்குத் தெரியல. அது அவ்வளவு பெரிய தப்பில்ல, ஆனா நாஷ்வில்லுக்கு எதிரா சீக்கிரமே ஒரு பெனால்டி கொடுக்கணும்னு இருந்தேன்கிற அர்த்தத்துல அவர் பேசினது அப்படியே டி.வி-யில ஒலிபரப்பாகிடுச்சு. மறுநாளே, இனி அவர் என்.ஹெச்.எல் மேட்ச்ல நிற்க மாட்டார்னு லீக் அறிவிச்சது. அடுத்த மாசம் ரிட்டையர் ஆக வேண்டியவர். 20 வருஷத்துக்கும் மேலான கரியர் ஒரே ராத்திரியில முடிஞ்சது.

ஆனா, 'இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு'னு பேலன்ஸ் பண்ற பழக்கம் ஐஸ் ஹாக்கியில இருக்குனு ரசிகர்கள் பல வருஷமா சொல்லிட்டுதான் இருந்தாங்க. அப்போ பீல் தண்டிக்கப்பட்டது அப்படி செஞ்சதுக்கா, இல்ல அதை வெளியே கேட்கும்படி சொன்னதுக்கா? ரெண்டாவதுனுதான் எனக்குத் தோணுது.

வழக்கமான மதிப்பீடு இவ்வளவு பரபரப்பா நடக்காது. லீக்கின் அதிகாரிகள் ரெஃப்ரிகளோட மேட்ச்களைக் கவனிச்சு, வீடியோவைப் போட்டு அலசுவாங்க. ரிசல்ட்? ப்ளே-ஆஃப் லிஸ்ட்தான். சீசன் முழுக்க நல்லா செஞ்சவங்களுக்குத்தான் அதுல இடம். ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஆட்களைக் குறைச்சுக்கிட்டே போவாங்க. பெயர் இல்லைன்னா ஏன்னு உங்களுக்கும் எனக்கும் சொல்ல மாட்டாங்க. கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ-வோ, நெருக்கமான மேட்ச்களின் கடைசி 2 நிமிஷத்துல ரெஃப்ரிகள் எது சரியா சொன்னாங்க, எது தப்புனு 2015-லிருந்து ரிப்போர்ட்டே வெளியிடுது. என்.ஹெச்.எல்-ல அந்தப் பழக்கம் இல்ல.

2019-ல ஒரு தடவை மூடி மறைக்க முடியல. சான் ஹோசே - வேகாஸ் ஏழாவது மேட்ச், 3-0-னு வேகாஸ் லீடிங். அவங்க வீரர் கோடி ஈக்கினுக்கு 5 நிமிஷ பெனால்டி. அந்த 5 நிமிஷத்துல சான் ஹோசே நாலு கோல் போட்டு, ஓவர்டைம்ல 5-4-னு ஜெயிச்சிருச்சு. லீக் வேகாஸ்கிட்ட மன்னிப்பு கேட்டுச்சு. அந்த மேட்ச்ல நின்ன ரெண்டு ரெஃப்ரிகளும் அடுத்த ரவுண்டுல இல்ல. ஆனா வேகாஸ் வீட்டுக்குப் போனது போனதுதான். அடுத்த சீசன்லேருந்து, இப்படிப்பட்ட பெரிய பெனால்டியை ரெஃப்ரியே வீடியோவுல பார்த்து சரி பண்ணிக்கலாம்னு ரூல் வந்துச்சு.

கோச்சுகளும் சும்மா ரிவ்யூ கேட்டுற முடியாது. 2019-20 சீசன்லேருந்து, சேலஞ்ச் பண்ணி தோத்தா அவங்க டீமுக்கே 2 நிமிஷ பெனால்டி!