வாடிய செடிக்குத் தண்ணீரா?

கொச்சி இடப்பள்ளியில் மொட்டை மாடியில் தக்காளி வளர்ப்பவர்கள் ஒரு அதிர்ச்சிக்குத் தயாராக இருக்க வேண்டும். நேற்றுவரை செழித்து நின்ற செடி, இலை மஞ்சளாகாமலே திடீரென்று துவண்டுவிடும். தாகம் என்று நினைத்து இன்னும் இரண்டு குவளை ஊற்றுவார்கள். செடி பிழைக்காது.

இது பாக்டீரியா வாடல் நோய். கேரளத்தின் அமில மண்ணும் வெப்பமும் ஈரமும் அதற்குத் தோதானவை. கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர் போதும். தண்டை வெட்டி, வெட்டுவாயை நீரில் படும்படி பிடித்தால் சில நிமிடங்களில் பால்போன்ற இழை இறங்கும். நோயைத் தாங்கும் சக்தி, முக்தி, அனகா ஆகிய ரகங்களை கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது.

பகுதிநேர தோட்டக்கலைப் படிப்புகள் கைகொடுப்பது இங்கேதான். விதை ஊன்ற யாரும் கற்றுக்கொள்ளலாம். செடி ஏன் செத்தது என்று கண்டறியத்தான் ஆசிரியர் வேண்டும். கோவை தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் ஆறு மாத சான்றிதழ் படிப்புகள் தமிழிலேயே உண்டு. மாதம் ஒரு நாள் நேரடி வகுப்பு. வேலைக்குப் போகிறவர்களுக்கு இது வசதி. அதைவிட முக்கியம், இடையில் கிடைக்கும் ஒரு மாதம். கேட்டதை வீட்டில் செய்து பார்த்து, தோற்றால் கேள்வியோடு அடுத்த வகுப்புக்குப் போகலாம்.

வாடல் கண்ட செடியை மண்ணோடு அப்புறப்படுத்த வேண்டும் என்பது அப்படிக் கற்கும் பாடங்களில் ஒன்று. அந்தப் பையில் கத்தரியும் மிளகாயும்கூட வைக்கக்கூடாது. அவையும் தக்காளியின் உறவுக்காரர்களே.