காகிதமும் குடவோலையும்

பெருநகரைச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர், தம் காகிதச் சிற்பங்களைத் தனிக்கண்காட்சியாக வைக்க நல்கை கேட்டார். மறுத்துவிட்டார்கள். வாய்மொழியாகச் சொன்ன காரணம்: அது கைவினையாம், கலையன்றாம்! சென்னை அரங்கின் வெண்சுவர் முன் நின்றால் சிற்பம். காஞ்சிபுரத்துக் காகிதக்கூழ்ப் பொம்மையின் வழிவந்தால் கொலுப்படிச் சரக்கு. எந்த இலக்கணம் வகுத்த வேறுபாடு இது?

1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் தோழர்களும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எழுப்பியது, பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்ற காசில். நம் நவீன ஓவியத்துக்குச் சோறிட்டதே கைவினைதான். (அவ்வோவியர் பெயரை மேடையில் முழங்குவோரே இப்படித் தீர்ப்பெழுதுவது தனிக்கதை.) காகிதம் நிலைக்காது என்றும் சொன்னார்களாம். வாசற்கோலம் நிலைக்கிறதா?

மறுத்தவர் யார், அளவுகோல் என்ன என்று எழுதிக் கேட்டால் பதிலில்லை. பெருநகருக்கு அருகே உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் குடவோலைக்கே தகுதியற்றவர் என்று விலக்குகிறது. முந்தைய மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர்க்கும் இடமில்லை. நல்கைக் குழுவினர் ஒருநாள் பேருந்தேறி வந்து அதைப் படித்துப் போகட்டும்.

மாணவர் மீண்டும் விண்ணப்பிக்கிறார். மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தருக என்னும் கடிதத்தில் நானும் கையொப்பமிட்டிருக்கிறேன்.